எந்த நேரத்திலும் சரியாக ஒருவர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரே உறங்குகிற நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. பகலில் எழுதலாம் என்றால் குட்டி மடியை விட்டு இறங்குவதில்லை. போனில் பேசலாம் என்றால் என் குரல் கேட்டதும் தொட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். நாம் இருவரும் போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எழுதினால் கொஞ்சம் யோசித்து எழுதுவோம் என்று நீதானே சொன்னாய்? அதனால் மெயிலே மேல். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமா? முழங்கால் வலி குறைந்ததா? இங்கே குட்டிக்குச் சளி விட்டுவிட்டது. தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம்தான் எனக்கு இன்னும் விடவில்லை. இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அப்பா எப்படி இருக்கிறார்? ஆறு மாதம் உன் வீடு, ஆறு மாதம் அண்ணன் வீடு என்று வைத்திருக்கிறீர்களே, இப்போது யார் முறை? குட்டி பிறந்ததிலிருந்து எனக்குக் கிழமையே தெரிவதில்லை. போன வருடம் குளியலறையில் மயங்கி விழுந்தாரே, அதற்கப்புறம் மயக்கம் ஏதும் வரவில்லையே? அவரிடமே கேட்கலாம் என்றால் போன் காதில் வைத்தாலும் கேட்பதில்லை. அத்தனை வருடம் பஸ் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காது.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். அரை நாள், பெரும்பாலும் வீட்டிலிருந்தே. என் பழைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டதால் எனக்கென்று ஒரு வேலையைத் தேடிப் பிடித்தார்கள். எங்கள் ஆபீசில் உன்னுடையதைப் போன்ற குழந்தைகள் காப்பகங்களுக்காக ஒரு சாஃப்ட்வேர் செய்கிறோம். எந்தக் குழந்தை எந்த ஆசிரியையின் பொறுப்பில் இருக்கிறது என்று டேப்லெட்டில் காட்டுவது. குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம் சார்'. அவர் சொன்னார்: "கோட் எழுதறதுக்கு முன்னாடி விதிகளை எழுதிப் பாக்கற மொழி ஒண்ணு இருக்காமே, அதை முயற்சி பண்ணுங்கம்மா. மூணு மாசம். பிரயோஜனம்னா வெச்சுக்கலாம், இல்லன்னா விட்டுடலாம்." என்னையும் சேர்த்தா விட்டுவிடுவார் என்று கேட்கவில்லை.

அந்த மொழி விசித்திரமானது அக்கா. இதில் எழுதியது கம்ப்யூட்டரில் எதையும் செய்யாது. சாஃப்ட்வேர் என்ன செய்யலாம், என்ன நடக்கவே கூடாது என்பதைக் கணக்கு மாதிரிச் சொல்லிவைப்பதுதான் வேலை. எழுதி முடித்தால் சரிபார்ப்பான் என்று ஒன்று வருகிறது. யார் முன்னால், யார் பின்னால், நடுவில் யார் எழுந்து போனார் என்று நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் ஓட்டிப் பார்த்து, கூடாதது நடந்துவிட ஒரு வழி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். இதனால் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா, இல்லை படித்தவர்களின் விளையாட்டா? எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உன்னிடம் ஒரு கேள்வி. மதியம் ஆள் மாறும்போது நீங்கள் குழந்தைகளை எப்படி ஒப்படைக்கிறீர்கள்? விவரமாக எழுது.

உன் அன்புத் தங்கை

*

பிப்ரவரி 14

சின்னவளே,

எல்லோரும் சௌக்கியம். முழங்காலைப் பற்றிக் கேட்காதே, அது தனக்கென்று ஒரு வாழ்க்கை நடத்துகிறது. குட்டியின் மூக்கருகே விரல் வைப்பதை நிறுத்து. நான் என் மூத்தவனுக்கு இரண்டு வயது வரை வைத்தேன், அவன் இன்றைக்கும் மூக்கைத் தொட்டால் கத்துகிறான்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். மதியம் ஆள் மாறும்போது, வருகிறவள் குழந்தையின் கையைப் பிடித்து அதன் பெயரைச் சொல்லி "எங்கிட்ட" என்பாள். அதுவரை போகிறவள் கையை விடமாட்டாள். புதிதாக வந்த பெண் ஒருத்தி அன்றைக்கு ஒரு வாண்டை "போ, அந்த அக்காகிட்டப் போ" என்று முதுகில் தட்டி அனுப்பினாள். தலைமை ஆசிரியை பிடித்துக்கொண்டார்: "குழந்தை என்ன பந்தாடி, தட்டிவிடறதுக்கு? அந்தப் பக்கம் பிடிச்சாங்களான்னு பாத்தியா?" பெண் அழுதேவிட்டாள்.

இதற்கு எதற்கடி கணக்கு? எங்களுக்குக் கண் போதும். ஆனாலும் உன் சரிபார்ப்பானைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். எல்லா வரிசையும் பார்க்கும் என்கிறாயே, எங்கள் பிள்ளைகள் செய்வதையெல்லாம் அது எப்படி யோசிக்கும்? அதுகளுக்கே தெரியாதே அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று! அடுத்த தடவை விளக்கி எழுது.

அப்பா அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நன்றாகத்தான் இருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். குட்டிக்கு முத்தம்.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே குட்டிக்கு முதல் பல். கடித்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன், அதாவது அவள் என்னைக் கடித்து.

உன் கடிதத்தால் எனக்கு ஒரு வாரம் தூக்கம் போயிற்று. எங்கள் ஆபீஸ் ஆவணத்தில் "ஆள் மாறும்போது குழந்தையை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டியாயிற்று. நானும்தான். அதையே இந்த மொழியில் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. ஒப்படைத்தேன் என்று ஒருத்தி பட்டனை அழுத்திவிட்டாள். ஏற்றுக்கொண்டேன் என்று இன்னொருத்தி இன்னும் அழுத்தவில்லை. அந்த இடைவெளியில் குழந்தை யாருடையது? தமிழில் எழுதினால் அந்த இடைவெளியைத் தாண்டிப் போய்விடலாம், வாக்கியம் நன்றாகவே இருக்கும். இங்கே அதற்குப் பதில் எழுதாமல் அடுத்த வரிக்குப் போகவே முடியாது. அதுதான் இதன் பிரயோஜனம் என்று தோன்றுகிறது. பதில் சொல்வதைவிட, விடாமல் கேட்கிறது.

கடைசியில் நடக்கவே கூடாததை இப்படி எழுதினேன்: எந்த நேரத்திலும் ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பாளர் சரியாக ஒருவர். இருவர் என்பதும் இல்லை, யாருமில்லை என்பதும் இல்லை. சரிபார்ப்பானை ஓடவிட்டேன். பால் சுடவைத்துத் திரும்புவதற்குள் பிடித்துவிட்டது! முதல் ஆசிரியை ஒப்படைத்தேன் என்று அழுத்துகிறாள். ஏற்கவேண்டியவள் அழுத்துவதற்குள் முதலாமவளின் வேலை நேரம் முடிந்து அவள் பட்டியல் அழிந்துவிடுகிறது. குழந்தை யார் பட்டியலிலும் இல்லை. அவள் கையில் இருப்பதாக இவள் நினைக்கிறாள், இவளிடம்தான் இருப்பதாக அவள் நினைக்கிறாள்.

மறுநாள் ஆபீசுக்கு ஓடிப்போய் அவசரம் சாரிடம் காட்டினேன். "நிஜத்துல இதெல்லாம் நடக்காதும்மா" என்றார். "ரெண்டு பெரிய மனுஷங்க, ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்க மாட்டாங்களா?"

அந்த மொழியின் கணக்குக் குறிகளைப் பார்த்தாலே அவருக்குக் கண் சொருகுகிறது. அதனால் வேறு பெயர்கள் போட்டுச் சின்னதாக ஓர் உதாரணம் செய்தேன். சிரிக்காதே. ஆசிரியைகளுக்குப் பதில் நீயும் அண்ணனும். குழந்தைக்குப் பதில் நம் அப்பா! ஓடவிட்டால் அதே முடிவு. அக்கா அண்ணனிடம் இருப்பதாக நினைக்கிறாள், அண்ணன் அக்காவிடம் இருப்பதாக நினைக்கிறான், அப்பா யாரிடமும் இல்லை. இவரிடம் காட்டி விழுந்து விழுந்து சிரித்தேன். அவசரம் சாரும் முதல்முறையாகச் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

உன் பிள்ளைகள் செய்வதையெல்லாம் அது யோசிக்குமா என்று கேட்டாயே. யோசிக்காது. நான் எழுதிய செயல்களை மட்டுமே அது மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். எழுதாததைத் தேடாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை

*

மார்ச் 27

சின்னவளே,

பதில் தாமதம். வேலை அதிகம். இரண்டு ஆசிரியைகள் விடுப்பில் போய்விட்டார்கள், ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருத்திக்குக் காய்ச்சல். உறங்கும் அறையில் நான் ஒருத்தியே பதினோரு பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் முதலில் தூக்கம் வந்தது.

பல் வந்தால் ஈறு அரிக்கும். குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடு. காய்ச்சல் வந்தால் பல்லால்தான் என்று விட்டுவிடாதே, டாக்டரிடம் காட்டு. எடை பார்த்தாயா?

அத்தான் சௌக்கியம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்தது.

அண்ணன் உனக்கு ஏதாவது எழுதினானா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

*

மார்ச் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ, அண்ணி, பிள்ளைகள் அனைவரும் நலமா? அண்ணியின் முதுகுவலி எப்படி? நீ எந்தக் கட்டடத்தின் எந்த மாடியில் நின்று யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறாயோ தெரியாது, நேரம் கிடைக்கும்போது படி.

விசேஷம் ஒன்றுமில்லை. அப்பா உன் வீட்டில் எப்படி இருக்கிறார்? நன்றாகச் சாப்பிடுகிறாரா? குட்டியின் பல் தெரிகிற படம் ஒன்று வைத்திருக்கிறேன், உன் போனில் அவருக்குக் காட்டு. ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கை

*

ஏப்ரல் 3

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம். படம் பார்த்தோம். அப்படியே உன் சாயல், கடிக்கிற பார்வை.

அப்பா அக்கா வீட்டில் அல்லவா இருக்கிறார்? ஜனவரியில் அந்தப் பக்கம் வேலையாகப் போனபோது பார்த்தேன். "பேத்திக்குப் பரீட்சை முடியற வரைக்கும் பெரியவ வீட்டுலயே இருந்துக்கறேன்"னார். அவர் இஷ்டம். நானும் வற்புறுத்தவில்லை. அண்ணிக்கும் உடம்பு சரியில்லாத நேரம். அக்கா இதுபற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் சொல்லிக்காட்டுவதற்குச் சேர்த்துவைத்திருப்பாள். நானாகக் கேட்டால் "அவ்வளவு அக்கறை இருந்தா வந்து கூட்டிட்டுப் போ" என்பாள். கேட்பானேன், தலையில் வாங்கிக்கொள்வானேன் என்று இருக்கிறேன். இதை அவளிடம் சொல்லிவிடாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 3, இரவு

அக்கா, அண்ணன் இருவருக்கும்,

இரண்டு பேரையும் கூப்பிட்டேன், இரண்டு பேரும் எடுக்கவில்லை. எழுந்ததும் முதலில் இதைப் பாருங்கள்.

அப்பா அண்ணன் வீட்டில் என்று அக்கா எழுதியிருக்கிறாள். அப்பா அக்கா வீட்டில் என்று அண்ணன் எழுதியிருக்கிறான். இரண்டும் என் முன்னால் திறந்திருக்கிறது.

அப்பா யாரிடம் இருக்கிறார்? பார்த்தவுடன் கூப்பிடுங்கள். குட்டி எழுந்தால் எழட்டும்.

*

ஏப்ரல் 6

சின்னவளே,

அன்று காலை நாம் மூவரும் போனில் கத்தியது போதும். அப்பா கிடைத்துவிட்டார் என்ற ஒரு வரிச் செய்திக்கு மேல் என்னால் அன்று பேச முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஜனவரியில் டிவி சத்தத்தால் அத்தானுக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை. அத்தான் சத்தத்தைக் குறைத்தார், அவர் கூட்டினார். மறுபடி குறைத்தார். "இது உங்க வீடு, அதான் ரிமோட் உங்க கையில" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மறுநாள் பையோடு நின்று, "மகன் வீட்டுக்குப் போறேன்" என்றார். நான் பஸ் ஏற்றிவிட வரட்டுமா என்று கேட்டேன். "ஊரையே ஏத்தி எறக்கினவன்டி நான், என்னை நீ ஏத்தி விடறியா?" வாசலோடு நின்றுவிட்டேன். முறை முடிவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன் என்று அண்ணன் குத்துவானே என்றுதான் அவனிடம் பேசவில்லை. அவன் பேசாதது கோபத்தால் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கெடுத்துக்கொள்ளவும் மனமில்லை. நீ அந்த விளையாட்டு உதாரணத்தை எழுதியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. அப்போதும் அண்ணனை நேராகக் கேட்கவில்லை. உன்னைக் கேட்டேன்.

அவருடைய பழைய கண்டக்டர் மாமாவைத்தான் முதலில் தேடிப்போனேன். பஸ் டிப்போவுக்கு எதிரில் டயர் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். "உங்களுக்குத் தெரியாதா? மேல் ரூம்லதான் ரெண்டு மாசத்துக்கு மேலா இருக்காரு. உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் வந்ததாச் சொன்னாரே!" என்றார். முழங்காலையும் மறந்து மேலே ஏறினேன்.

இரும்புப் படி. ஒரே அறை. கட்டில், ஸ்டவ், ஜன்னலுக்கு வெளியே டிப்போ வாசல். கயிற்றில் மூன்று சட்டைகள், தோள் தோளாக, சுருக்கமில்லாமல். அவர் ஜன்னலில் நின்று கீழே பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸைப் பார்த்து, "ஒடி, ஒடி, இன்னும் ஒடி... போதும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்றார். நான் அழுததும் பயந்துபோய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஏம்பா இப்படிப் பண்ணீங்க?"

"உங்கிட்டச் சொன்னா அவன்கிட்ட அனுப்புவ. அவன்கிட்டச் சொன்னா உங்கிட்ட அனுப்புவான். எதுக்கு வம்புன்னு ரெண்டு பேர்கிட்டயும் ஆளுக்கு ஒண்ணு சொன்னேன். ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன்."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

சரி, ஆனது ஆகிவிட்டது. அண்ணனும் நானும் பேசி முடித்துவிட்டோம். போன வருடம் போல இன்னொரு முறை மயங்கி விழுந்தால் அந்த இரும்புப் படியில் யார் தூக்குவது? வரும் ஞாயிறு அண்ணன் போய் அழைத்துக்கொண்டு வருகிறான். இனிமேல் அவரைத் தனியாக அனுப்புவதில்லை. அனுப்புகிறவர் கூடவே போய் விடவேண்டும், வாங்குகிறவர் "வந்து சேர்ந்தார்" என்று மூவருக்கும் எழுதவேண்டும், அதுவரை பொறுப்பு அனுப்பியவருடையது. உன் கம்ப்யூட்டர் விதியை அப்படியே வீட்டில் போட்டுவிட்டோம் பார். படித்தது வீண்போகவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கும் அண்ணனுக்கும்,

நலம். குட்டியும் நலம். அப்பா பத்திரமாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகு முதல்முறையாக நேற்று ஒரே மூச்சில் தூங்கினேன். ஞாயிறுக்கு முன் நீங்கள் இதைப் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கதையை அவசரம் சாரிடம் சொன்னேன். "நிஜத்துல நடக்காதுன்னு சொன்னீங்களே சார், எங்க வீட்டுலயே நடந்துடுச்சு." அவர் நாற்காலியை என் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல்முறையாக என் விதிகளை வரி வரியாகப் படித்தார். ஒவ்வொரு குறிக்கும் அர்த்தம் கேட்டார். கடைசியில் கேட்டார்:

"இதுல டீச்சர் என்னென்ன பண்ணலாம்னு போட்டிருக்கீங்க. குழந்தை என்ன பண்ணும்னு எங்கம்மா?"

"குழந்தை ஒண்ணும் பண்ணாது சார், அதை ஒப்படைக்கறாங்க."

"என் பையனை நீங்க பாத்ததில்லை" என்றார்.

அக்கா, எனக்குச் சட்டென்று முகம் சூடாகிவிட்டது. நீ முதல் கடிதத்திலேயே கேட்டுவிட்டாய், பிள்ளைகள் செய்வதை அது எப்படி யோசிக்கும் என்று. எழுதாததைத் தேடாது என்று நானும் பெரிய மேதை மாதிரிப் பதில் எழுதினேன். எதை எழுதாமல் விட்டேன் என்று மட்டும் பார்க்கவில்லை. குழந்தை தானாகக் கதவைத் தாண்டிப் போகலாம் என்று ஒரு செயலைச் சேர்த்தேன். முதல் ஓட்டைக்குப் பின் நான் திருத்திச் சுத்தமாக்கியிருந்த விதிகள் அத்தனையும் உடைந்தன. இரண்டு பேரும் பட்டனை அழுத்தினாலும், பட்டியலில் பெயர் சரியாக இருந்தாலும், குழந்தை அங்கே இல்லை. பட்டியலைச் சரிசெய்தால் போதாது, குழந்தை எங்கே இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்க்கிற செயலும் வேண்டும் என்று ஆயிற்று. கோட் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்னால்.

அவசரம் சார் முடிவு சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் இந்த மொழி வேண்டாம், கட்டணப் பக்கத்துக்கும் சாப்பாட்டு அட்டவணைக்கும் பேச்சும் காகிதமும் போதும், கைமாறும் பகுதிக்கு மட்டும் கட்டாயம். அதை நான்தான் எழுதவேண்டும். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஒரு வரி விதிக்கு ஒரு வாரம் பிடிக்கிறது, வீட்டில் எல்லாக் கதவுக்கும் பூட்டு வாங்குவோமா?

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் போட்ட விதியில் அனுப்புகிறவர் உண்டு, வாங்குகிறவர் உண்டு. அப்பா என்ன செய்வார் என்று ஒரு வரிகூட இல்லை. நானும் அவரை அப்படித்தான் போட்டேன், கைமாறுகிற ஒரு பொருளாக. இதே விதியோடு அழைத்து வந்தால் திரும்பவும் இதே இடத்தில்தான் போய் நிற்போம். அண்ணா, ஞாயிறு போ. கட்டாயம் போ. ஆனால் பையை எடுக்காதே. நான் அவருக்குக் காகிதத்தில் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், என்ன வேண்டும் என்று கேட்டு. அதற்குப் பதில் வரும்வரை பொறு. மயக்கம் பற்றிய பயம் உங்களைவிட எனக்கு அதிகம் என்று உங்களுக்கே தெரியும். மூக்கருகே விரல் வைக்கிறவள் நான்.

தங்கை

*

ஏப்ரல் 24

சின்னவளுக்கு,

நலம். நலமறிய ஆவல். பேத்தி பல் படம் வந்தது. கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

நீ கம்ப்யூட்டரில் போட்டு என்னைக் கண்டுபிடித்ததாகப் பெரியவள் பெருமையாகச் சொன்னாள். நான் தொலைந்துபோகவில்லை. இறங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

உன் அண்ணன் ஞாயிறு வந்தான். பையைப் பார்த்தான், எடுக்கவில்லை. டீ குடித்துவிட்டு, ஸ்டவ்வின் குழாயை ஆராய்ந்துவிட்டு, படியின் கைப்பிடி ஆடுகிறது என்று கண்டக்டரைத் திட்டிவிட்டுப் போனான். நீ ஏதோ சொன்னாயாம். சந்தோஷம்.

என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். இதுவரை யாரும் கேட்காததால் பதில் யோசித்து வைக்கவில்லை. பிள்ளைகள் மீது எனக்குக் குறை இல்லை. இரண்டு வீட்டிலும் சோறு உண்டு, மரியாதை உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு வந்தால் ஐந்தாம் மாதமே காலண்டரைப் பார்க்கிறார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, கண் தானாகப் போகிறது. இங்கே யாரும் காலண்டர் பார்ப்பதில்லை. காலையில் முதல் பஸ் கிளம்பும்போது எழுகிறேன். ராத்திரி கடைசி பஸ் உள்ளே வந்ததும் படுக்கிறேன்.

இன்னொன்று. இங்கே வந்தபின் ஒருமுறை தலை சுற்றியது. படியில் இறங்கும்போது. உட்கார்ந்துவிட்டேன், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பெரியவளிடமும் உன் அண்ணனிடமும் சொல்லவில்லை, சொன்னால் அன்றைக்கே பை கீழே இறங்கும். உன்னிடம் சொல்கிறேன். நீ ஒருத்திதான் என்னை இதுவரை உன் வீட்டுக்கு வரச்சொல்லாதவள். அதனால் பயமில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அப்பா

*

மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியை எத்தனையோ கடிதங்களில் அக்காவிடமும் அண்ணனிடமும் கேட்டிருக்கிறேன். உங்களிடமே கேட்க எனக்கு ஒரு தபால்தலையும் உங்கள் முகவரியும்தான் தேவைப்பட்டிருக்கிறது.

உங்கள் கடைசி வரியை இவரிடம் காட்டவில்லை. நான் மட்டும் பலமுறை படித்தேன். கைக்குழந்தை, சின்ன வீடு என்று காரணங்கள் எழுதினேன், கிழித்துவிட்டேன். இப்போதும் வரச்சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே வருகிறேன். காலையில் வந்து மாலையில் போய்விடுகிற விருந்தாளியாக. உங்களுக்குத் தோதான கிழமை எது என்று சொல்லுங்கள். அவளுக்குப் பஸ் சத்தம் மிகவும் பிடிக்கும்.

தலைசுற்றல் பற்றி. இதைப் படித்ததும் முதலில் போனைத்தான் எடுத்தேன், அண்ணனைக் கூப்பிட. அவன் எண்ணை அழுத்துவதற்குமுன் கீழே வைத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் உங்களைப் பற்றி நாங்கள் மூவரும் முடிவெடுத்துத்தான் இவ்வளவும் ஆயிற்று. அதே சமயம், என்னிடம் சொன்னதால் இப்போது அந்தப் பொறுப்பு என்னுடையது. யாருக்கும் தெரியாமல் நீங்கள் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தீர்கள். இதில் மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது அப்பா: நீங்கள் விழுந்தால் யாருக்காவது உடனே தெரியவேண்டும். அந்த ஒருவர் யார், எப்படித் தெரியவேண்டும் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். கண்டக்டர் மாமாவா, டிப்போவில் யாராவதா, அல்லது எங்களில் ஒருவரா? டாக்டரிடம் யார் கூட வரலாம்? யார் வந்தால் உங்களுக்குப் பிடிக்காது? எந்த நாளில் திரும்பி வர நீங்களே நினைப்பீர்கள், அதை எங்களிடம் எப்படிச் சொல்வீர்கள்? எல்லாவற்றையும் நீங்களே எழுதுங்கள். நான் அழகுபடுத்தமாட்டேன், குறிகள் போடமாட்டேன். நீங்கள் எழுதியபடியே அக்காவுக்கும் அண்ணனுக்கும் அனுப்புவேன். அவர்கள் கத்தினால் என்னிடம் கத்தட்டும்.

அதுவரை தலைசுற்றல் பற்றி யாரிடமும் மூச்சுவிடமாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை மனசுக்குள் வைத்திருக்க எனக்கு எவ்வளவு பலம் உண்டு என்று நீங்கள் அறிவீர்கள். என் சிறுவயதில் அம்மாவுக்குத் தெரியாமல் நீங்கள் அவளுக்கு வாங்கிவைத்த புடவையைப் பற்றி அன்று மாலைக்குள் அவளிடமே உளறியவள் நான். இப்போது முன்பைவிட மோசம். இரவு முழுக்க விழித்திருக்கிறேன் வேறு.

அதனால் அப்பா, தள்ளிப்போடாதீர்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் சின்னவள்